இதயம் ஒரு தசை எனக் கற்ற பின்னர்



எங்கள் வீடுகளிற் பெரும்பாலானவற்றில், விறாந்தையைத் தாண்டி உள்ளே சென்றதும் கண்ணிற் படுவது இயேசுவின் திரு இருதயப் படமாகும். அதன் முன்னே ஒரு சிறு விளக்கு எரியும். அந்தி சாய்ந்ததும் குடும்பம் அதன் முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும். அந்தப் படத்தின் கீழே ஒரு மேசை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலே தாதியியல் பயிலும் மகள் முதலாம் ஆண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுடைய உடற்றொழிலியற் புத்தகம் மேசையில் விரிந்து கிடக்கிறது. அவள் படித்துக்கொண்டிருப்பது இதயத்தைப் பற்றிய அத்தியாயம். நான்கு அறைகள், நான்கு வால்வுகள், அமுக்கம், கனவளவு, மின்கணத்தாக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. அன்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

செபமாலை முடிந்து தாய் படத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொள்ளுகிறாள். மகள் சற்றே சிரித்தபடி, "அம்மா, இருதயம் எண்டது இரத்தத்தைத் தள்ளுற ஒரு தசைதானே" என்கிறாள். தாய்க்குச் சுருக்கென்கிறது. மறுமொழி ஒன்றும் அகப்படவில்லை. படிக்கப் படிக்கப் பிள்ளையின் விசுவாசம் கழன்றுவிடுகிறதோ என்ற பயம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது.

இந்தப் பயம் பல பெற்றோருக்கு உண்டு. மகள் சொன்னதை யோசியாமற் சொன்ன சொல் என்று தள்ளிவிடவும் முடியாது. அதன் அடியில் ஒரு பழைய கேள்வி கிடக்கிறது. மனித உடல் எப்படித் தொழிற்படுகிறது என்று அறிந்துவிட்டால், மனிதனில் வியப்பதற்கும் வணங்குவதற்கும் ஏதாவது எஞ்சியிருக்குமா? இன்று அந்தக் கேள்வியோடு சிறிது நேரம் இருந்து பார்ப்போம்.

மகள் படிப்பது என்ன?

அவள் படிப்பதை முதலில் நாமும் அறிந்துகொள்வது நல்லது. அறியாததற்குப் பயப்படுவது விசுவாசத்துக்கு அழகல்ல.

ஓய்வாக இருக்கும் மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் சுமார் 5 லீற்றர் குருதியை அது வெளியே தள்ளுகிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் ஒரு இலட்சம் துடிப்பு, ஏழாயிரம் லீற்றர் குருதி. அது துடிப்பதற்கு மூளையின் கட்டளைக்காகக் காத்திருப்பதில்லை. வலது சோணையறையின் சுவரிலுள்ள ஒரு சிறு கணுவிலிருந்து துடிப்பு தானாகவே பிறக்கிறது. நாம் தூங்கும்போதும், கோபிக்கும்போதும், அதை அடியோடு மறந்திருக்கும்போதும் அது ஓய்வதில்லை.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைமுட்டியளவான அந்த உறுப்பு ஒவ்வொன்றிலும் பத்து இலட்சம் வரையான நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடித்தெடுக்கின்றன. அத்தனையும் வெளியேறுமானால் ஒருவர் ஒரு மணி நேரங்கூடத் தாங்கமாட்டார். ஆனால் வடித்ததிற் பெரும்பகுதி, தேவையான உப்பு, சீனி, நீர் எல்லாவற்றோடும் திரும்ப உள்ளே எடுக்கப்படுகிறது. வெளியேறுவது ஒன்றரை லீற்றர் மாத்திரமே. கிணற்று நீரை அளந்து இறைத்து வாழும் எங்கள் வடபுலத்தவருக்கு இந்தச் சிக்கனத்தின் அருமை எளிதிற் புரியும்.

வெளியே வெயிலோ பனியோ, உள்ளே வெப்பநிலை 37 பாகை செல்சியசை அண்டியே நிற்கிறது. குருதியின் சீனியும், உப்பும், அமிலத்தன்மையும் குறுகிய எல்லைக்குள் காக்கப்படுகின்றன. 'ஒருசீர்த்திடநிலை' என்று மாணவர் இதனைப் படிக்கின்றனர். இதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் வோல்ற்றர் கனன், 1932இல் வெளியிட்ட நூலுக்கு 'உடலின் ஞானம்' என்று பெயரிட்டார். அது பக்தி நூலல்ல, ஓர் உடற்றொழிலியலாளரின் நூல். ஆனால் அவருக்கும் 'ஞானம்' என்ற சொல்லே பொருத்தமாகப்பட்டது.

ஆன்மா எந்த உறுப்பில்?

'எல்லாம் தானாகவே நடக்கின்றனவே! இதில் ஆன்மாவுக்கு என்ன வேலை? எந்த உறுப்பைத் திறந்து பார்த்தாலும் அதைக் காணவில்லையே!' என்று மாணவன் கேட்கலாம்.

காணாதது சரிதான். உறுப்புகளுக்கிடையே ஒளிந்திருக்கும் இன்னோர் உறுப்பாகத் திருச்சபை ஆன்மாவைப் போதிக்கவில்லை. புனித தோமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே இதனைத் தெளிவாக்கினார். 1312இல் வியேன் பொதுச்சங்கமும், ஆன்மா உடலின் உள்ளார்ந்த வடிவம் என்று வரையறுத்தது. ஓர் உடலை உயிருள்ள மனித உடலாக ஆக்குவதே ஆன்மா. அது உடலுக்குள் அடைபட்ட பறவையன்று. மனிதன் உடலும் ஆன்மாவும் ஒன்றித்த ஒருவன் என்றும், உடலை இழிவாக எண்ணல் ஆகாதென்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் மீண்டும் போதித்தது. ஆகவே சத்திரக் கத்திக்கும் நுணுக்குக்காட்டிக்கும் ஆன்மா அகப்படவில்லை என்பதனால் எமது விசுவாசம் ஒன்றும் குறைந்துபோவதில்லை.

ஓர் உதாரணம் சொல்லலாம். கோவிலிலே மணி ஒலிக்கிறது. வெண்கலத்தின் கலவை, நாக்கின் பாரம், காற்றின் அதிர்வு, செவிப்பறையின் அசைவு ஆகிய எல்லாவற்றையும் ஒருவர் கணக்கிட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்ன யாவும் உண்மை. ஆனால் அது துக்கமணி என்பதும், மேற்குத் தெருவில் யாரோ ஒருவர் காலமாகிவிட்டார் என்பதும், அதைக் கேட்ட ஒரு மனிதர் மண்வெட்டியை வைத்துவிட்டுத் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. கணக்குப் பிழையல்ல, அது முழுவதும் அல்ல, அவ்வளவே.

இதயத்தைத் தசை என்றவர்

இதயம் ஒரு தசை என்று துணிந்து நிறுவியவர் யார் என்பதை அந்த மகள் அறிந்தால் வியப்பாள். அவர் பெயர் நீல்ஸ் ஸ்ரென்சன். 1638இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரிலே லூத்தரன் குடும்பமொன்றிற் பிறந்தவர். கன்னத்திலுள்ள சுரப்பியிலிருந்து வாய்க்குள் உமிழ்நீரைக் கொண்டுவரும் கானை 1660இல் அவர் கண்டுபிடித்தார். இன்றும் அது ஸ்ரென்சனின் கான் என்றே வழங்குகிறது. அவளுடைய புத்தகத்திலும் அந்தப் பெயர் இருக்கக்கூடும்.

குருதி உடலெங்கும் சுற்றி வருகிறது என்பதை ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்டிருந்தார். ஆயினும் இதயம் வெப்பத்தின் இருப்பிடம், உயிராவியின் உறைவிடம் என்ற பழைய எண்ணங்கள் விட்டுப்போகவில்லை. ஸ்ரென்சன் இதயத்தை வேகவைத்து நார் நாராகப் பிரித்துப் பார்த்தார். கையிலும் காலிலும் உள்ள தசை எத்தகையதோ இதுவும் அத்தகையதே என்று 1664இல் எழுதினார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரிலே அறிஞர் சபையொன்றில் மூளையைப் பற்றிப் பேசினார். ஆன்மாவின் தலைமை இருக்கை மூளையின் நடுவிலுள்ள கூம்புச் சுரப்பி என்றும், அது அங்குமிங்கும் சாய்ந்து உடலை இயக்குகிறது என்றும் தத்துவஞானி டேக்கார்ட் எழுதியிருந்தார். அந்தச் சுரப்பி அப்படி அசையக்கூடிய விதத்தில் அமைந்திருக்கவில்லை என்று ஸ்ரென்சன் எடுத்துக்காட்டினார்.

ஆன்மாவுக்கென்று சொல்லப்பட்ட இரண்டு இருப்பிடங்களையும் இவர் இல்லையென்று ஆக்கிவிட்டார். இத்தகையவர் நாத்திகராகியிருக்க வேண்டும் என்றல்லவா எமது தாய் பயப்படுவாள்? அவர் 1667இல் கத்தோலிக்கரானார். 1675இல் குருப்பட்டம் பெற்றார். 1677இல் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டு, வட ஜேர்மனியிலே சிதறிக் கிடந்த சிறு மந்தையை ஏழ்மையோடு மேய்த்து, 1686இல் மரித்தார். 1988இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவர் என அறிவித்தார்.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். ஸ்ரென்சன் குருவான அதே 1675இல் பிரான்சின் பரே-லெ-மோனியால் நகரத்துக் கன்னியர் மடத்திலே, தமது திரு இருதயத்துக்கு ஒரு திருநாள் வேண்டுமென ஆண்டவர் புனித மார்கரீத் மரியாளைக் கேட்டதாக எமது பக்தி மரபு சொல்லுகிறது. இதயம் தசை என்று அறிந்த நூற்றாண்டும், திரு இருதய பக்தி பரவத் தொடங்கிய நூற்றாண்டும் ஒன்றே. எமது வணக்கம் உடற்கூற்றியல் அறியாமையின்மேற் கட்டப்பட்டதன்று. மனிதரானவருக்கு மெய்யான ஒரு தசை இதயம் இருந்தது, அது ஈட்டியாற் குத்தித் திறக்கப்பட்டது என்பதே எமது விசுவாசம். இதயம் தசையாக இல்லாவிட்டால் அது குத்தப்பட்டிருக்கவும் முடியாது. ஆகையால் மகள் சொன்னதற்குத் தாய் அஞ்சவேண்டியதில்லை. "ஓம் பிள்ளை, தசைதான், அதாலதான் அவருக்கு நொந்தது" என்று சொன்னாற் போதும்.

வேறொரு ஆபத்து

அப்படியானால் இந்தப் படிப்பில் ஆபத்தே இல்லையா? உண்டு. ஆனால் அது நாம் பயப்படும் இடத்தில் இல்லை. ஆன்மா எங்கே என்று கேட்பவன் இன்னும் தேடுகிறான். உடலைக் கற்று, அந்த உடலுக்கு உரியவரை மறந்துவிடுபவனே பெரிய ஆபத்தில் இருக்கிறான். இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1822 யூன் 6ஆந் திகதி, அமெரிக்காவின் மக்கினோ தீவிலே மென்மயிர்த் தோல் வியாபாரக் கடையொன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் சென் மார்த்தீன் என்ற இளைஞனின் விலாவுக்குக் கீழே பெருங்காயம் ஏற்பட்டது. அவன் கனடாவைச் சேர்ந்த, பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கன், எழுத்தறியாத கூலியாள். இராணுவ வைத்தியரான வில்லியம் போமொன்ற் அவனைக் காப்பாற்றினார். பராமரிக்க எவரும் இல்லாதபோது தமது வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். அதை நாம் மறுக்கக்கூடாது. ஆனால் காயம் முற்றாக மூடவில்லை. வெளியிலிருந்து இரைப்பைக்குள் நேரே பார்க்கக்கூடிய ஒரு துவாரம் நிரந்தரமாக எஞ்சியது.

1825இலிருந்து வைத்தியர் இறைச்சித் துண்டு, பாண், கோவா ஆகியவற்றைப் பட்டு நூலிற் கட்டி அத்துவாரத்தினூடாக உள்ளே இறக்கி, நேரம் பார்த்து வெளியே இழுத்து, எவ்வளவு சமித்திருக்கிறது என்று குறித்தார். இரைப்பைச் சாற்றை எடுத்துக் குப்பியிலிட்டு, உடலுக்கு வெளியேயும் உணவு சமிபாடடைவதைக் கண்டார். அவன் கோபங்கொண்ட வேளைகளிலே இரைப்பையின் தொழில் மாறுபடுவதையும் எழுதினார். அவன் ஏன் கோபங்கொண்டான் என்பதை ஊகிப்பது கடினமல்ல. வேலைக்காரனாகவும் பரிசோதனைப் பொருளாகவும் ஒருங்கே இருந்த அவன், சொல்லாமலே கனடாவுக்குத் திரும்பியதும் உண்டு. 1832இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. உணவு, உடை, இருப்பிடம், ஆண்டுக்கு 150 டொலர். அவன் கைநாட்டு அடையாளமிட்டான். 1833இல் போமொன்றின் நூல் வெளியாயிற்று. அதில் 200க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் இருந்தன. சமிபாடு பற்றி உலகம் கற்ற பாடங்களில் முக்கியமான பல அந்த ஒருவனின் காயத்தின் வழியே வந்தவை.

1880இல் அவன் கியூபெக்கிலே மரித்தான். உடலை வைத்தியர்கள் கேட்டனர். குடும்பத்தார் கொடுக்கவில்லை. யாரும் தோண்டி எடுத்துவிடக் கூடாதென்று, உடல் அழுகும்வரை வேண்டுமென்றே அடக்கத்தைத் தாமதித்தார்கள். பூசை நடந்த வேளையில், கோவிலுக்குள் கொண்டுபோக முடியாத நிலையில், பெட்டி வெளியே இருந்தது. பின்னர் எட்டு அடி ஆழத்திற் புதைத்தார்கள்.

வாசகர்களே, இதை நினைத்துப் பாருங்கள். கத்தோலிக்கக் குடும்பமொன்று, தன் தகப்பனின் உடலை அறிவியலிலிருந்து காப்பாற்றுவதற்காக, அந்த உடல் கெடுவதை விரும்பவேண்டியதாயிற்று. அறிவு பிழையானதன்று, அதனாற் பயன்பெற்றோர் கோடிக்கணக்கானோர். ஆனால் அந்த அறிவு ஒரு மனிதனை எப்படி நடத்தியதோ அதன் கசப்பு அந்தக் கல்லறைவரை போயிற்று. 1962இல் கனடாவின் உடற்றொழிலியலாளர்கள் அங்கே நன்றியாக ஒரு பலகை பதித்தனர். நல்ல காரியம், ஆனால் 82 ஆண்டுகள் பிந்தியது.

பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 செப்டெம்பரில் மருத்துவ ஆராய்ச்சியாளருக்கு ஆற்றிய உரையில் இவ்விடயத்தைத் தொட்டுப் பேசினார். அறிவு பெரிய நன்மை. ஆயினும் அது எல்லாவற்றிலும் பெரிய நன்மையன்று. நோயாளி சம்மதித்துக் கொடுக்கும் அளவுக்குமேல் வைத்தியருக்கு அவருடைய உடலில் அதிகாரமில்லை. சமூகத்தின் நலனுக்காகவென்று ஒருவரைக் கருவியாக்கவும் முடியாது. இதுவே அவருடைய போதனையின் சாரம்.

கடன்பட்ட கல்வி

தமிழிலே 'காயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உடலும் காயம், புண்ணும் காயம். உடற்றொழிலியல் பயில்பவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அவர்கள் உடலைப் பற்றிக் கற்பதிற் பெரும்பகுதி யாரோ ஒருவரின் புண்ணிலிருந்து கற்கப்பட்டது. எந்த நரம்பு எதை ஆளுகிறது என்பதை அடிபட்டவர்களிடமிருந்து அறிந்தார்கள். எந்தச் சுரப்பி எதைச் சுரக்கிறது என்பதை அது கெட்டுப்போனவர்களிடமிருந்து அறிந்தார்கள். இன்றும் வாட்டிலே கட்டிலோடு கிடக்கும் ஏழை மனிதர், பத்து மாணவர் மாறிமாறித் தம் வயிற்றை அமுக்கிப் பார்க்க அனுமதிக்கிறார். அவர் அந்த மாணவருக்கு ஓர் ஆசிரியர். அவரை '12ஆம் கட்டில்' என்று மட்டும் அழைக்கப் பழகிய மாணவன் எத்தனை புள்ளி எடுத்தாலும் பாடத்தில் தவறியவனே.

பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கும் வழியும் உண்டு. எங்கள் யாழ்ப்பாணத்திலேயே அதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்துகொண்டு தமிழ் கற்று, உடற்கூறும் உடற்றொழிலும் சுகாதாரமும் கூறும் நூலொன்றை 1857இலேயே தமிழில் வெளியிட்டார். தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவர் எமது சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் உடலைப் பற்றிய அறிவு, உடலுக்கு உரியவரின் மொழியிலே அவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும் என்பதை அவர் செயலிற் காட்டினார். ஆங்கிலத்திற் கற்று, ஆங்கிலத்தில் எழுதி, நோயாளியிடம் ஒன்றும் சொல்லாமற் போகிறவர்கள் இதனை யோசிக்கவேண்டும்.

முதலிற் சொன்ன வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே அம்மம்மா ஒருவரும் இருக்கிறார். இருபது வருடமாகச் சலரோகம். அடுத்த கிழமை கோவில் திருவிழா. சுற்றுப்பிரகாரத்தில் வெறுங்காலுடன் நடப்பது அவருடைய நேர்த்தி. மகள் சோதனைக்காகப் பாடமாக்கியிருக்கிறாள்: குருதியிற் சீனி நெடுங்காலம் கூடியிருந்தால் பாதத்தின் நரம்புகள் கெடும், நோவு தெரியாது, நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதாகும், புண் ஆறாது. ஐந்து புள்ளிக்குரிய விடை. அம்மம்மாவின் காலை அவள் இதுவரை பார்த்ததில்லை.

"அம்மம்மா, காலை ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்."

"காலிலை என்ன இருக்கு மோனை? ஒரு நோவும் இல்லை."

நோவில்லை என்பதுதான் நோய் என்று அவளுக்குத் தெரியும். நிலத்தில் இருந்து, பாதத்தை மடியில் எடுத்து, விரலிடுக்கைப் பார்க்கிறாள். எப்போதோ குத்திய முள்ளொன்று, சுற்றிச் சிவந்து, அங்கே இருக்கிறது. அம்மம்மா அதை அறியவேயில்லை. இனி அவள் பேசவேண்டும். வைதல்ல, படித்த மமதையோடல்ல. ஏன் நோகவில்லை என்று தமிழில் விளங்கப்படுத்தவேண்டும். நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப்போகவேண்டும். சுடுமணலில் வெறுங்காலுடன் நடக்கவேண்டாம் என்று சொல்லவேண்டும். நேர்த்தியைப் பற்றி அம்மம்மா கலங்கினால், சுவாமியாரிடம் கேட்கலாம். தக்க காரணத்துக்காக ஒரு நேர்த்தியை வேறு பக்திச் செயலாக மாற்றத் திருச்சபையிலே வழியுண்டு. உடலைக் காப்பது ஆண்டவருக்குச் செய்யும் துரோகமன்று.

அந்தப் பாதத்தை மடியில் வைத்திருந்த வேளையிலே அவள் படித்த உடற்றொழிலியல் ஒரு எழுத்தும் பொய்யாகவில்லை. ஆனால் அது முதன்முறையாக ஒருவருடையதாயிற்று. பெரிய வியாழனன்று பாதங்களைக் கழுவியவர் யார் என்பதை நான் உங்களுக்கு நினைவூட்டவேண்டியதில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் இந்தப் படிப்பைப் படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும். உத்தியோகத்தையும் சம்பளத்தையும் மட்டும் அவர்களிடம் விசாரியாதீர்கள். 'இன்றைக்கு யாரிடமிருந்து கற்றாய்? அவருக்கு நன்றி சொன்னாயா?' என்றும் கேளுங்கள். மாணவரே, இதயம் தசை என்பதைத் தயங்காமற் சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திச் சுவரிலுள்ள படத்தைப் பாருங்கள். அந்த இருதயத்திலும் ஒரு காயம் இருக்கிறது. உயிர்த்த பின்னரும் ஆண்டவர் தமது காயங்களை மறைத்துவிடாமல், சந்தேகித்த தோமையாருக்கு அவற்றைக் காட்டினார். காயத்தின் முன் நின்று கற்றுக்கொண்ட முதல் மாணவர் நீங்கள் அல்லர். தோமையார் அங்கே அறிந்துகொண்டது ஒரு காயத்தை மாத்திரமன்று, காயப்பட்டவரை அறிந்துகொண்டார்.